வீட்டு வேலையும் பிள்ளைகளும்: பங்கு போடுவதும் பரிசு கொடுப்பதும்



தோட்டத்தில் ஒரு நாள் எப்படி விடிகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. விடிய நாலரைக்கு அடுப்பு எரிய வேண்டும். ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கிளப்பி, கைப்பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அந்திக்குக் கொழுந்து நிறுத்து வீடு வந்து சேரும்போது மணி ஐந்தைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் வீட்டு வேலை ஆரம்பமாகிறது.

இந்த நிலையில் பிள்ளைகள் கைகொடுக்காமல் எந்தக் குடும்பமும் ஓடாது. ஆகவே பிள்ளைகள் வீட்டு வேலை செய்யலாமா கூடாதா என்பது இங்கே பேச்சில்லை. யார் எதைச் செய்வது, எவ்வளவு நேரம் செய்வது, செய்த பிள்ளைக்கு நாம் என்ன கொடுப்பது என்பவைதான் பேச்சு. இந்த மூன்றையும் ஒழுங்கில்லாமல் விட்டால் வீட்டில் தினமும் சண்டை. ஒழுங்காகப் பங்கு போட்டால் வேலையும் முடியும், படிப்பும் நடக்கும்.

யாருக்கு வேலை சொல்லுகிறோம்?

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். மூத்தது பொம்பளைப் பிள்ளையாக இருந்தால் வேலையெல்லாம் அதன் தலையில் விழும். “அக்கா பாத்துக்குவா” என்று எல்லாரும் சொல்லிவிடுவோம். அக்காவுக்கும் வயது பதின்மூன்றோ பதினாலோதான் என்பது நமக்கு மறந்துபோகும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, 14 வயதில் மகள், 11 வயதில் மகன், 6 வயதில் சின்னவள், மடுவத்தில் ஒரு கைப்பிள்ளை. பெரிய பிள்ளைகள் இருவரும் 1.30க்குப் பாடசாலை விட்டு இரண்டு மணிபோல வீட்டுக்கு வருகிறார்கள். மகள் பீலிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவர 30 நிமிடம். காலையில் போட்ட சட்டி பானை கழுவ 30 நிமிடம். சோறு கறி ஆக்க ஒன்றேகால் மணித்தியாலம். கைப்பிள்ளையைக் கூட்டிவர 20 நிமிடம். இஸ்தோப்பும் காம்பராவும் கூட்ட 15 நிமிடம். கூட்டிப் பாருங்கள், 2 மணித்தியாலம் 50 நிமிடம். இதற்கிடையில் சின்னவளைக் குளிப்பாட்ட வேண்டும், உடுப்புக் கழுவ வேண்டும். அது ராத்திரி எட்டு மணிக்குக் கொப்பியை விரிக்கும்போது கண் சொருகிவிடும். அந்த நேரத்தில் மகன் என்ன செய்தான் என்று கேட்டால், மைதானத்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தான் என்று பதில் வரும்.

இரண்டு வருடத்தில் அந்த மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிறது. கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்வாங்கிவிடுகிறாள். அப்போது நாம் “புள்ளைக்குப் படிப்பு ஏறல” என்கிறோம். படிப்பு ஏறாமல் போனதா, படிக்க நேரம் கிடைக்காமல் போனதா என்று யோசிப்பதில்லை. படிப்பு நின்றதும் “சும்மா இருக்கிறாளே, கொழும்பில் நல்ல வீடு ஒன்று இருக்கிறது” என்று யாராவது வந்து கேட்பார்கள். வீட்டு வேலையைத் தவிர வேறொன்றும் பழகாத பிள்ளைக்கு அந்த வழி மட்டும்தான் திறந்திருக்கும்.

1984ஆம் ஆண்டில்தான் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. அதுவரை ஒரே தோட்டத்தில் உழைத்தாலும் பெண்ணின் நாட்சம்பளம் குறைவு. மலையில் சமமான பேர் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. வீட்டுக்குள் இன்னும் வரவில்லை. மகனுக்கு ஒரு பேர், மகளுக்கு ஒரு பேர் என்று பார்க்காமல் பங்கு போடுவதுதான் முதல் வேலை.

வீட்டு வேலை வேறு, கூலி வேலை வேறு

பிள்ளைக்கு வேலை பழக்குவது நல்லது. தன் துணியைத் தானே கழுவவும், ஒரு நேரச் சோற்றைத் தானே ஆக்கவும் தெரிந்த பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு.

இலங்கை 1991ஆம் ஆண்டில் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. பிள்ளைக்குப் படிக்கவும், ஓய்வெடுக்கவும், விளையாடவும் உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. நம் நாட்டில் 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம். 2021ஆம் ஆண்டில் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக்குறைந்த வயதும் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்புவதும் இதற்குள் அடங்கும்.

சொந்த வீட்டு வேலைக்கு இந்தச் சட்டம் குறுக்கே வருவதில்லை. ஆனால் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்வோம். வீட்டு வேலையால் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நின்றாலோ, வீட்டுப்பாடம் செய்ய முடியாமல் போனாலோ, கொஞ்ச நேரமாவது விளையாட முடியாமல் போனாலோ, அந்த வேலை அந்தப் பிள்ளைக்குக் கூடுதல். குறைக்க வேண்டும். கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளையைப் பாடசாலைக்கு விடாமல் மறிப்பது கூடவே கூடாது. அதற்குத்தான் பிள்ளைமடுவம் இருக்கிறது.

முதலில் ஒரு கிழமைக் கணக்கு

பங்கு போடுமுன் இப்போது யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒரு பழைய கொப்பியில் வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். அப்பாவின் பெயரையும் எழுத வேண்டும். ஏழு நாளைக்கு, அந்தியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அன்றைக்கு யார் எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்தார்கள் என்று குறியுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்தால் அது ஆசையோடு செய்யும்.

கிழமை முடிவில் யாரையும் ஏசாமல் வாசித்துப் பாருங்கள். “நான் இவ்வளவுதான் செஞ்சிருக்கேனா?” என்று சிலருக்கு வெட்கமாக இருக்கும். “இவ்வளவும் நானா செஞ்சேன்?” என்று சிலருக்கு அப்போதுதான் தெரியும். பங்கு போடும் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

வயதுக்கு ஏற்ற வேலை

4 முதல் 6 வயது: தன் செருப்பு, சப்பாத்தை ஓரிடத்தில் வைப்பது, பாயைச் சுருட்ட உதவுவது, சாப்பிட்ட பீங்கானை எடுத்து வைப்பது, கோழிக்குத் தீனி போடுவது. இந்த வயதில் வேலை முடிவதைவிடப் பழக்கம் வருவதுதான் முக்கியம்.

7 முதல் 9 வயது: இஸ்தோப்பு கூட்டுவது, காய்ந்த துணியை மடிப்பது, ஆறவைத்த கொதித்த தண்ணீரைப் போத்தலில் நிரப்புவது, மரக்கறிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாடசாலைப் பையைத் தானே அடுக்குவது.

10 முதல் 12 வயது: சட்டி பானை கழுவுவது, சின்னக் கேனில் தண்ணீர் கொண்டுவருவது, மரக்கறி வெட்டுவது, தன் உள்ளாடை, காலுறையைக் கழுவுவது, பக்கத்துக் கடைக்குப் போய்வந்து மிச்சக் காசுக்குக் கணக்குச் சொல்வது.

13 வயதுக்கு மேல்: பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது சோறு கறி ஆக்குவது, பாடசாலை உடுப்பைக் கழுவி அயர்ன் பண்ணுவது, தம்பி தங்கச்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது.

ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று இரண்டு பட்டியல் நான் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். மகன் சட்டி கழுவினால் அவன் மானம் போகாது. நாளைக்குக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போய்த் தனியே அறை எடுத்து இருக்கும்போது அவன் உங்களை நினைப்பான்.

பிள்ளைகளிடம் விடக்கூடாத வேலைகள்

தண்ணீர்ப் பாரம்: ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 15 லீற்றர்க் குடம் என்றால் 15 கிலோ, குடத்தின் பாரம் வேறு. பத்து வயதுப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் படியில் ஏறக்கூடாது. 5 லீற்றர்க் கேனைக் கொடுங்கள், இரண்டு நடை நடக்கட்டும்.

நெருப்பு: பெரியவர் இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகள் அடுப்பு மூட்டக்கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றுவதும், கொதித்த சோற்றுப் பானையை இறக்கிக் கஞ்சி வடிப்பதும் பெரியவர்கள் வேலை.

விறகு: பிள்ளைகளைத் தனியே காட்டுப் பக்கமோ ஆளில்லாத மலைக்கோ விறகுக்கு அனுப்பாதீர்கள். குளவி கலைந்தால் பெரிய ஆட்களே விழுந்துவிடுகிறோம். சிறுத்தை நடமாட்டமும் நம் பக்கத்தில் புதிதல்ல.

மருந்து: மலைக்கு மருந்து அடிக்கும் டாங்கி, வெறும் போத்தல், மருந்து அடித்தபோது போட்ட சட்டை ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கழுவ விடாதீர்கள். அந்தச் சட்டையைப் போட்டவரே வேறாகக் கழுவ வேண்டும். வெறும் மருந்துப் போத்தலில் தண்ணீரோ எண்ணெயோ வைத்துப் பாவிக்கவும் கூடாது.

முதலில் வீட்டுக்கு வருபவர் யார்?

கவ்வாத்து, கான் வெட்டு போன்ற ஆண்களின் வேலை பல தோட்டங்களில் மத்தியானத்தோடு அல்லது சற்றுப் பிந்தி முடிந்துவிடுகிறது. கொழுந்தெடுக்கும் அம்மா அந்திக்குத்தான் வருவார். அப்படியானால் பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்துக்கு வீட்டில் நிற்கக்கூடியவர் அப்பாதான்.

தகப்பன்மார் இதைக் கோபமில்லாமல் யோசிக்க வேண்டும். இரண்டு மணிக்கு வேலை முடிந்து, குளித்து, கடைப்பக்கம் போய் ஆறு மணிக்கு வந்தால் அந்த நாலு மணித்தியாலமும் பிள்ளைகள் தனியே. அந்த நேரத்தில் வீட்டில் நின்று அடுப்பைப் பார்த்தால் பெரிய மகளின் பாரம் பாதியாகும். அம்மாவும் வந்து ஒரு மடக்குத் தேத்தண்ணி உட்கார்ந்து குடிப்பார். அப்பா வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கும் மகனுக்கு வேறு புத்திமதி வேண்டியதில்லை.

நான் மேலே சொன்ன குடும்பத்தில் அதே வேலையை இப்படிப் பங்கு போடலாம். மடுவத்துக்குப் போய்க் கைப்பிள்ளையைக் கூட்டிவருவது அப்பா, 20 நிமிடம். சோறு கறி ஆக்குவதில் அப்பா 35 நிமிடம், மகள் 40 நிமிடம். தண்ணீரும் கூட்டுவதும் மகன், 45 நிமிடம். சட்டி கழுவும் 30 நிமிட வேலையை மகனும் மகளும் நாள்விட்டு நாள் மாறிச் செய்வார்கள். சின்னவள் போத்தல்களை நிரப்பி, செருப்புகளை அடுக்குவாள். இப்போது மகளுக்கு ஒரு நாள் 40 நிமிடம், மறுநாள் 70 நிமிடம். முன்பு 2 மணித்தியாலம் 50 நிமிடம் இருந்தது. வேலை ஒன்றும் குறையவில்லை. மிஞ்சிய நேரம் அவள் படிப்புக்கு.

பாடசாலை விட்டு வந்ததும் வேலை சொல்லாதீர்கள். சாப்பிட்டு, அரை மணித்தியாலம் இளைப்பாறட்டும். பிறகு வேலை, அதற்குப் பிறகு விளையாட்டு, விளக்கு வைத்ததும் படிப்பு. எந்த நேரத்துக்கு எது என்று தினமும் ஒரே மாதிரி இருந்தால் கத்த வேண்டிய தேவை தானாகக் குறையும். பரீட்சை நெருங்கிய பிள்ளைக்கு அந்த மாதத்தில் வேலையைக் குறைத்துவிடுங்கள். ஐந்தாம் தரப் புலமைப் பரிசில் எழுதும் பிள்ளைக்கும், சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்கும் மற்றவர்கள் கைமாற்றாகச் செய்து கொடுக்கலாம்.

வீட்டுக்கு ஒரு செக்ரோல்

பேர் போடுவதைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அதையே வீட்டிலும் செய்யலாம். பழைய கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போடுங்கள். மேலே ஏழு நாள். பக்கவாட்டில் பிள்ளைகளின் பெயர், அவரவர் வேலை. வேலை முடிந்தால் ஒரு நட்சத்திரமோ புள்ளியோ போடுங்கள். வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு விளக்குமாறு, போத்தல் என்று படம் கீறிக் கொடுங்கள். தாளைப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள்.

இதில் நாலு விதி முக்கியம்.

1. வேலையைப் பங்கு போடும்போது பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள். “ஒனக்கு எது புடிக்கும்?” என்று கேட்டால் பாதி வேலையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். யாருக்கும் பிடிக்காத வேலையை முறைபோட்டு மாற்றுங்கள்.

2. வேலை என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். “வீட்டப் பாத்துக்க” என்றால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. “அந்தி நாலு மணிக்கு முன்ன இஸ்தோப்பக் கூட்டி, குப்பையக் குழியில போடணும்” என்றால் விளங்கும். முதல் இரண்டு மூன்று தடவை கூட இருந்து செய்து காட்டுங்கள்.

3. பிள்ளைக்கு முன்னாலேயே அடையாளம் போடுங்கள். நாளைக்குப் போடுகிறேன் என்று தள்ளாதீர்கள்.

4. போட்ட அடையாளத்தை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். தண்ணிக் கழிவு, சாக்குக் கழிவு என்று நிறுத்த கொழுந்தில் கிலோ வெட்டினால் நமக்கு வயிறு எரிகிறதா இல்லையா? முழு நாளும் நின்று அரைப்பேர் விழுந்தால் மறுநாள் மலைக்குப் போக மனசு வருமா? அதே எரிச்சல்தான் பிள்ளைக்கும். காலையில் கூட்டினதுக்குக் கிடைத்த நட்சத்திரத்தை, அந்திக்குத் தம்பியை அடித்தான் என்று அழித்தால், அவன் அந்தத் தாளை நம்பமாட்டான். தம்பியை அடித்தது வேறு கணக்கு. அதை வேறாகப் பேசுங்கள்.

பேரும் கைக்காசும்

இனி பரிசு. எல்லாத் தாய்மாருக்கும் ஒரு பயம் இருக்கிறது. “காசு குடுத்து வேல வாங்கினா நாளைக்கு ஒரு செம்புத் தண்ணிக்கும் காசு கேப்பானே ஐயா” என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். அதுவும் நமக்குத் தெரிந்த கணக்குத்தான்: பேர் ஒன்று, கைக்காசு ஒன்று.

அன்றாட வேலைக்குக் காசு கிடையாது. தன் பீங்கானைக் கழுவுவது, வீடு கூட்டுவது, தண்ணீர் கொண்டுவருவது எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளையாக இருப்பதற்கான வேலை. அம்மா சோறாக்குவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அது போலத்தான் இதுவும். இதற்குக் கிடைப்பது பேர், அதாவது தாளில் அடையாளமும் வாயில் ஒரு நல்ல வார்த்தையும். வேலை வீட்டுக்காகச் செய்வது. தவறாமல் செய்த பழக்கத்துக்கு மட்டும் ஒரு சின்னப் பரிசு.

வழமையான வேலைக்கு மேலாக ஒன்று வந்தால், உதாரணமாக ஞாயிற்றுக்கிழமை மரக்கறிப் பாத்தி கொத்துவது, கோழிக்கூடு துப்புரவாக்குவது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கைகொடுப்பது, இவற்றுக்கு 20 ரூபாவோ 50 ரூபாவோ கைக்காசு கொடுக்கலாம். கொடுக்க முடியாத மாதத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பரிசு என்றால் காசு என்று நினைக்க வேண்டாம். காசில்லாத பரிசுகள் இருக்கின்றன, பிள்ளைகளுக்கு அவைதான் பிடிக்கும்:

• நடந்ததைச் சொல்லிப் பாராட்டுவது. “நல்ல புள்ள” என்று மொட்டையாகச் சொல்வதைவிட, “நீ தண்ணி புடிச்சி வச்சதால அம்மா இன்னைக்கு வெள்ளனா சமைச்சிட்டேன்” என்று சொல்லுங்கள். தன் வேலையால் என்ன நடந்தது என்று பிள்ளைக்குத் தெரியும்.

• தெரிவு செய்யும் உரிமை. ஐந்து நாள் தவறாமல் செய்தால் ஞாயிற்றுக்கிழமை என்ன கறி என்று அந்தப் பிள்ளை சொல்லலாம். டிவியில் எதைப் பார்ப்பது என்று சொல்லலாம்.

• பெற்றாரோடு நேரம். அப்பாவோடு தனியே டவுனுக்குப் போய்வருவது, அம்மாவோடு கோவிலுக்குப் போவது. மூன்று நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில், அம்மா அப்பா தனக்கென்று மட்டும் ஒதுக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு விலையே இல்லை.

• தேவையான சாமான். எப்படியும் வாங்க வேண்டிய அப்பியாசக் கொப்பி, கலர்ப் பென்சில், தலைக்கு ரிப்பன் போன்றவற்றை மாத முடிவுப் பரிசாகக் கொடுக்கலாம். ஆனால் பாடசாலைக்கு அத்தியாவசியமான கொப்பியைப் பரிசுக்காக மறித்து வைக்கக்கூடாது.

சின்னப் பிள்ளைக்குப் பரிசு அன்றைக்கே அல்லது அந்தக் கிழமையே கிடைக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தீபாவளி வரை காத்திருக்கத் தெரியாது. பெரிய பிள்ளைக்கு மாதக் கணக்கு வைக்கலாம். ஏழு நாளில் ஐந்து நாள் செய்தாலே பரிசு உண்டு என்று வையுங்கள். ஏழுக்கு ஏழு என்றால் முதல் நாள் தவறியதுமே பிள்ளை கைவிட்டுவிடும்.

கைக்காசைச் சேர்க்கப் பழக்குங்கள். கிழமைக்கு 50 ரூபா என்றாலும் வருடம் 52 கிழமைக்கு 2,600 ரூபா. உண்டியல் நிறைந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அதன் பெயரிலேயே கணக்குத் திறக்கலாம். தேசிய சேமிப்பு வங்கியின் கணக்கில் தபாற்கந்தோரிலும் பணம் போடலாம் என்பதால் டவுன் வரை போக முடியாதவர்களுக்கும் வசதி. புத்தகத்தில் தன் பெயரைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளையின் உண்டியலில் பெரியவர்கள் கைவைக்கக்கூடாது. அவசரத்துக்கு எடுத்தால் கடன் என்று சொல்லி எடுத்து, சம்பளத்தன்று மறக்காமல் வைத்துவிட வேண்டும்.

பரிசு கெட்டுப்போகும் வழிகள்

கொடுக்க முடியாததைச் சொல்வது முதலாவது. “நல்லா வேல செஞ்சா சைக்கிள் வாங்கித் தாறேன்” என்று சொல்லிவிட்டு, சம்பளத்தில் கடன் எல்லாம் வெட்டிப்போக, சைக்கிள் கனவாகிவிடும். ஒரு மாலு பாண் என்று சொல்லி, சொன்ன நாளில் கொடுப்பது எவ்வளவோ மேல்.

பிள்ளை அழுது அடம்பிடிக்கும்போது வாயை அடைக்க எதையாவது கொடுப்பது இரண்டாவது. அது பரிசில்லை. அடம் பிடித்தால் கிடைக்கும் என்றுதான் பிள்ளை அதிலிருந்து படிக்கும்.

சாப்பாட்டில் கைவைப்பது மூன்றாவது. வேலை செய்யாத பிள்ளைக்குச் சோறில்லை என்று சொல்லக்கூடாது. சோறு எந்தக் கணக்கிலும் சேராது. அடிப்பதும் அப்படித்தான். அடிக்குப் பயந்து செய்யும் வேலை, அடிக்கும் ஆள் வாசலைத் தாண்டினதும் நின்றுவிடும்.

ஒப்பிடுவது நாலாவது. “அக்காவப் பாரு, நீயும் இருக்கியே” என்றால் தம்பிக்கு வேலைமேலும் வெறுப்பு, அக்காமேலும் வெறுப்பு. அவனுடைய இந்தக் கிழமையை அவனுடைய போன கிழமையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

செய்ததைத் திருப்பிச் செய்வது ஐந்தாவது. பிள்ளை கூட்டிய இடத்தை அதன் கண்முன்னே நாம் மறுபடி கூட்டினால், நாளைக்கு விளக்குமாறு நம் கைக்கே வரும். மூலையில் கொஞ்சம் குப்பை இருந்தால் இருக்கட்டும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

“மகன் பேச்சே கேக்குறான் இல்ல ஐயா, என்ன செய்ய?” பழக்கமில்லாத பிள்ளையிடம் ஒரேயடியாக மூன்று வேலை சொல்லாதீர்கள். ஒரு வேலை, ஒரு நேரம், மூன்று கிழமை. முதல் வாரம் முகம் சுளிப்பான். வேலையை முடித்துவிட்டு விளையாடப் போகலாம் என்ற ஒழுங்கில் உறுதியாக நில்லுங்கள். அம்மா ஒன்று சொல்லி அப்பா ஒன்று சொன்னால் காரியம் கெடும்.

“அம்மா வெளிநாட்டுல. நான் வயசான காலத்துல மூணு புள்ளைகள வச்சிருக்கேன்” என்று சொல்லும் அப்பாயி, அம்மாயிமார் பலர் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குத்தான் இந்தத் தாள் ஆகத் தேவை. தாளைப் போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மா அதைப் பார்த்து, இன்ன நாள் இன்னதைச் செய்தாய் என்று பெயர் சொல்லிப் பாராட்டினால், அனுப்பும் சாமானைவிட அது பெரிய பரிசு. பெரிய பேத்தியை மட்டும் “குட்டி அம்மா” ஆக்கிவிடாதீர்கள்.

“பதினஞ்சு வயசு மகளக் கொழும்புக்கு வேலைக்குக் கேக்குறாங்க” என்று வருபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அனுப்பாதீர்கள். சட்டப்படியும் அது குற்றம். ஏதாவது பிள்ளை அப்படிப் போய்க் கஷ்டப்படுவதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை

இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு கலண்டர் தாள், ஒரு பென்சில் போதும். இந்தக் கிழமை கணக்கு எடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு எல்லாரும் உட்கார்ந்து பங்கு போடுங்கள். அப்பாவின் பெயரும் தாளில் இருக்கட்டும், அவருக்கும் நட்சத்திரம் போடுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்து மாற்றுங்கள். கோடு போடத் தெரியவில்லை என்றால் பிள்ளைமடுவத்துக்கு வாருங்கள், அங்கே போட்டுத் தருவார்கள்.

ஒரு மாதம் முடிந்ததும் உங்கள் மூத்த பிள்ளையிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “இப்ப ஒனக்குப் படிக்க நேரம் கெடைக்குதா?” ஆமாம் என்று பதில் வந்தால் பங்கு சரி. இல்லை என்றால் மறுபடியும் தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.